கணவாய்க்குப் போகிறவர்கள் கவனத்திற்கு

மலையைப் பற்றி எழுத வந்தவர்கள் அநேகமாகச் சிகரங்களைப் பற்றியே எழுதிவிட்டுப் போகிறார்கள். சிகரம் சிலருக்கே உரியது. கணவாயோ எல்லோருக்கும் உரியது. உப்பு மூட்டை சுமந்த வியாபாரியும், ரோமாபுரிக்கு நடந்த யாத்திரிகனும், கூலிக்காகப் போர் செய்யப் போன சிப்பாயும், வேலை தேடிப் பனியில் புறப்பட்ட ஏழைக் கொத்தனும் கடந்தது கணவாயைத்தான். சிகரத்தின் மேல் ஏறியவனுக்கு அங்கே இறங்குவதைத் தவிர வேறு வேலையில்லை. கணவாயில் ஏறியவனுக்கு மறுபக்கத்தில் இன்னொரு தேசம் காத்திருக்கிறது.

இந்த வாரம் ஆல்ப்ஸ் மலையின் கணவாய் ஒன்றைப் பற்றி நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம்மவர்களின் பிள்ளைகள் பலர் இப்பொழுது ஜினீவா, ஜூரிக் முதலிய நகரங்களில் உத்தியோகம் பார்க்கிறார்கள். கோடையில் பெற்றோர்கள் அவர்களைக் காணப் போகிறார்கள். மலை ரெயிலில் ஏறிப் பனியைத் தொட்டுப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவதோடு சிலருக்குத் திருப்தி ஏற்படுவதில்லை. "நம் காலால் நடந்து ஒரு கணவாயைப் பார்த்துவிட்டு வரலாமே, அதில் என்ன அபாயம்? கணவாய் என்றால் பாதைதானே?" என்று கேட்கிறார்கள். ஆசை நல்ல ஆசை; அதைக் கெடுப்பது நம் நோக்கமன்று. ஆனால் கேள்வியின் பிற்பகுதிக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

உதாரணத்திற்குப் பெரிய ஸெயின்ட் பெர்னார்ட் கணவாயை எடுத்துக் கொள்வோம். ஸ்விட்ஜர்லாந்தின் வலே மாகாணத்தையும் இத்தாலியின் அவோஸ்டாப் பள்ளத்தாக்கையும் பிரிக்கும் மலைத் தொடரில், 2469 மீட்டர் உயரத்தில், அதாவது சுமார் 8100 அடியில் இது இருக்கிறது. நீலகிரியின் தொட்டபெட்டா இதைவிட உயரம்; அதன் உயரம் 2637 மீட்டர். உதகையில் கம்பளிச் சட்டையோடு உலாவி வந்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து ஏமாந்து போகக் கூடாது. தொட்டபெட்டா பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினோராவது பாகையில் இருக்கிறது. இந்தக் கணவாயோ நாற்பத்தாறாவது பாகையை ஒட்டியிருக்கிறது. இங்கே ஒரு குளிர்காலத்தில் பத்து மீட்டருக்கு மேல் பனி பெய்வதுண்டு. கணவாயின் மேலுள்ள சிறிய ஏரி ஆண்டில் பெரும்பகுதி உறைந்து கிடக்கும். மோட்டார் சாலை ஜூன் மாதவாக்கில் திறக்கப்பட்டு அக்டோபரில் மூடப்பட்டுவிடுகிறது. 1964-ஆம் ஆண்டில் மலைக்கு அடியில் சுரங்கச் சாலை திறக்கப்பட்டதிலிருந்து வண்டிகளின் பெருங்கூட்டம் கீழேயே போய்விடுகிறது. மேலே நடப்பவர்களுக்கு அதனால் ஆதாயமே.

கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டிலேயே ரோமர்கள் இதன் வழியாகச் சாலை போட்டார்கள். மேலே ஜூபிடருக்கு ஒரு கோவிலும் கட்டினார்கள். பாறையில் வெட்டிய அந்தச் சாலையின் சுவட்டை இன்றும் பார்க்கலாம். 990-ஆம் ஆண்டில் காண்டர்பரியின் அத்தியட்சராகிய ஸிகரிக் ரோமாபுரியிலிருந்து ஊர் திரும்பும்போது இவ்வழியே நடந்தார். அவர் தங்கிய ஊர்களின் ஜாபிதா இன்றும் இருக்கிறது. அதைக்கொண்டே 'வியா பிராஞ்சிஜெனா' என்னும் யாத்திரைப் பாதையை இக்காலத்தில் மறுபடி அமைத்திருக்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டின் மத்தியில் அவோஸ்டாவைச் சேர்ந்த பெர்னார்ட் என்ற துறவி, வழிப்பறிக்காரர்களுக்கும் பனிக்கும் இரையாகும் வழிப்போக்கர்களுக்காகக் கணவாயின் மேலேயே ஒரு சத்திரத்தை ஸ்தாபித்தார். அகஸ்தீன் மரபைச் சேர்ந்த சந்நியாசிகள் அன்று முதல் இன்று வரை, கோடையிலும் குளிரிலும், அங்கே வசித்து வருகிறார்கள். அதன் வாயிற்கதவைத் தாழிடுவதில்லை என்பது மடத்தின் மரபு. 1923-ல் பதினோராம் பயஸ் என்ற போப்பாண்டவர் இந்தப் பெர்னார்டை மலையேறுவோரின் காவலராகப் பிரகடனம் செய்தார். அந்தப் போப்பாண்டவரே இளமையில் ஆல்ப்ஸ் சிகரங்களில் ஏறிப் பழகியவர் என்பது ஒரு சுவாரஸ்யமான விஷயம்.

போய்ச் சேரும் விதம் எளிது. ஜினீவா ஏரியின் கரையோரமாகச் செல்லும் ரெயிலில் ஏறி மார்ட்டினியில் இறங்க வேண்டும். வழியில், ஏரி முடிகிற இடத்தில், வில்நோவ் என்றொரு சிற்றூர் வரும். ஜன்னலோரம் இருப்பவர்கள் கவனிக்கட்டும். 1931 டிசம்பரில், வட்டமேஜை மகாநாட்டிலிருந்து வெறுங்கையுடன் திரும்பிய மகாத்மா காந்தி, ரோமேன் ரோலந்தின் விருந்தாளியாகச் சில தினங்கள் தங்கியது இவ்வூரில்தான். சுற்றிலும் உள்ள மலைகளெல்லாம் பனி மூடியிருக்கும் அந்த மாதத்திலும் அவர் தம் வழக்கமான உடையிலேயே இருந்தார். அதை நாம் பின்பற்றவேண்டாம் என்பதைக் கீழே சொல்லப் போகிறோம். மார்ட்டினியிலிருந்து ஓர்ஸியேர் வரை சிறிய ரெயில்; அங்கிருந்து பஸ்; பூர்-ஸெயின்ட்-பியேர் என்ற கல் வீடுகள் நிறைந்த கிராமத்தில் இறங்கி நடக்கத் தொடங்கலாம். கிராமத்தின் உயரம் 1632 மீட்டர். ஆகவே ஏறவேண்டியது சுமார் 840 மீட்டர்; தூரம் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று கிலோமீட்டர்.

இது எத்தனை நேர நடை? 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காத்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொல்லி வைத்தார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி. அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு அறுநூறு மீட்டருக்கும் இன்னொரு மணி. இதன்படி தூரத்துக்கு இரண்டரை மணி, ஏற்றத்துக்குச் சற்றேறக்குறைய ஒன்றரை மணி, ஆகமொத்தம் நான்கு மணி ஆகிறது. ஸ்விட்ஜர்லாந்தில் பாதைதோறும் நாட்டியுள்ள மஞ்சள் பலகைகளிலும் தூரத்தைப் போடுவதில்லை, நேரத்தையே போடுகிறார்கள். ஆனால் இரண்டு கணக்கிலும் இளைப்பாறும் நேரம் சேரவில்லை. வாரத்தில் ஆறு நாள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நம்மவர்கள் நான்கு என்பதை ஆறு என்று வைத்துக் கொள்வதே உசிதம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் பிற்பகல் ஒரு மணிக்குச் சத்திரத்தில் இருக்கலாம். பத்து மணிக்குப் புறப்பட்டால் நாலு மணிக்கு. இந்த மூன்று மணி வித்தியாசத்தில்தான் கோடை நாளின் அபாயம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. பகல் வெப்பத்தில் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழுந்து, காலையில் துளி மேகமில்லாத ஆகாயத்திலே பிற்பகலில் இடியையும் ஆலங்கட்டி மழையையும் கொண்டுவந்துவிடும். ஆல்ப்ஸில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இது சர்வசாதாரணம்.

பாதையின் குறிகளை முதலில் படிக்கத் தெரிந்து கொள்ளவேண்டும். வெறும் மஞ்சள் குறி, யாரும் நடக்கக்கூடிய வழி. வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை கண்டால் அது மலைப்பாதை: செங்குத்தான இடமும், ஓரத்தில் பள்ளமும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகவேண்டிய பாறையும் இருக்கலாம், நிலையான காலும் தலைசுற்றாத கண்ணும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் அது பனியாற்றையோ பாறை ஏற்றத்தையோ சேர்ந்தது. கயிறும் பனிக்கோடரியும் பழகாதவர்கள் அந்தப் பலகையைப் பார்த்தவுடன் நின்றுவிட வேண்டியதுதான். நம் கணவாய்க்குப் போகும் வழியில் இந்த நீல நிறத்துக்கு வேலையில்லை. ஆயினும் கிளைப்பாதையில் தவறி நுழைகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கிராமத்தைத் தாண்டியவுடன் தூல் அணையும் அதன் நீர்த்தேக்கமும் வரும். அணைக்குக் கீழே ஆற்றோரத்தில் எச்சரிக்கைப் பலகைகளைக் காணலாம். வானம் தெளிந்திருக்கும்போதே மின்சார நிலையத்தார் நீரைத் திறந்துவிடுவதுண்டு. முழங்காலளவு ஓடிய நீர் சில நிமிஷங்களில் ஆளை இழுத்துக்கொண்டு போகும் வெள்ளமாகிவிடும். காவேரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு ஆற்று மணலைக் கண்டால் இறங்கி உட்காரத் தோன்றும். அந்த ஆசையை இங்கே அடக்க வேண்டும்.

மேய்ச்சல் நிலங்களில் இன்னொரு எச்சரிக்கை. இதைச் சொன்னால் நேயர்கள் சிரிப்பார்கள். பசுக்களிடம் ஜாக்கிரதை! கோமாதாவைக் கண்டவுடன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கமுடையவர்கள் நாம். ஆனால் ஆல்ப்ஸ் மேய்ச்சலில் கன்றோடு விடப்பட்டிருக்கும் தாய்ப்பசு நம் வீட்டு லக்ஷ்மி அன்று. கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் புகுந்த வழிப்போக்கர்கள் மிதிபட்டு இறந்த சம்பவங்கள் உண்டு. கன்றைத் தடவிக் கொடுக்கக் கூடாது. இருபது முப்பது மீட்டராவது விலகிச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். கூட நாய் இருந்தால் அபாயம் இன்னும் அதிகம். பசு துரத்தி வந்தால் நாயின் கயிற்றை விட்டுவிட வேண்டும். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். வலே மாகாணத்தின் ஏராங்ஸ் இனப் பசுக்கள் கறுப்பாக, குட்டையாக, ஒன்றோடொன்று கொம்பு கோத்துச் சண்டையிடும் சுபாவமுடையவை. அவற்றின் சண்டைக்கு அங்கே பந்தயக் கூட்டமே கூடுகிறது.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. கதர் அபிமானிகளாகிய நாம் சொல்லத் தயங்கும் வார்த்தை அது. பருத்தித் துணி மலைக்கு உதவாது. வியர்வையிலோ மழையிலோ நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு, காற்றடிக்கும்போது உடம்பின் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது. மலைமேல் அது உலர்வதுமில்லை. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். (கம்பளியிலும் கதர் உண்டு, ஆகவே கொள்கைக்குப் பங்கமில்லை.) உள்ளே மெல்லிய கம்பளி, அதன்மேல் கனத்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத சட்டை, இப்படி அடுக்கடுக்காக அணிந்து, வேர்க்குமுன் ஒன்றைக் கழற்றி, குளிருமுன் ஒன்றைப் போட்டுக் கொள்ளவேண்டும். குல்லாயும் கையுறையும் ஆகஸ்டு மாதத்திலும் பையில் இருக்கட்டும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சராசரி ஆறரை டிகிரி குறைகிறது. ஜினீவா ஏரிக்கரையில் 28 டிகிரி என்றால் கணவாயில் 14 டிகிரிதான். மேகம் மூடிக் காற்றும் வீசினால் அந்தப் பதினாலையும் நம்ப முடியாது. ஜூலையில் பனி பெய்வதும் உண்டு. கால்களுக்குக் கணுக்காலைப் பிடிக்கும், அடித்தோல் வரிவரியாக உள்ள பூட்ஸ் அவசியம். செருப்போடு வருகிறவர்களைப் பாதி வழியிலேயே திரும்பச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் உபகாரம். புடவை கட்டியே தீரவேண்டும் என்னும் பெரியம்மாக்களுக்கும் பஸ்ஸே உத்தமம். கோடையில் அது கணவாய் வரையிலும் போகிறது. அதில் போவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பழைய ஆசான் இருக்கிறார். 1991 செப்டம்பரில், ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் எல்லையான டீஸன்யோக் என்ற 3210 மீட்டர் உயரக் கணவாயருகே, உருகும் பனியிலிருந்து ஒரு மனித உடல் தலைகாட்டியது. நடைப்பயணம் போன தம்பதிகள் அதைக் கண்டார்கள். யாரோ சமீபத்தில் விபத்தில் இறந்தவர் என்று முதலில் நினைத்தார்கள். சோதித்ததில் அவர் சுமார் 5300 வருஷங்களுக்கு முற்பட்டவர் என்று தெரிந்தது! அவருடைய பாதரக்ஷைக்குள் குளிர் தாக்காமல் புல் திணித்திருந்தது, தலையில் கரடித்தோல் குல்லாய், ஆட்டுத்தோல் அங்கி, மரப்பட்டைக் கூடையில் பச்சிலை சுற்றிக் கொண்டுபோன கங்கு. இன்றைய நாகரிகப் பிரயாணிகள் பலர் இவ்வளவு ஏற்பாட்டோடு புறப்படுவதில்லை. அவர் குளிரில் சாகவுமில்லை. அவருடைய இடத் தோளில் ஓர் அம்பு முனை பதிந்திருப்பதை 2001-ல் எக்ஸ்ரே காட்டிக் கொடுத்தது. மலை விட்டுவைத்தவரை மனிதன் கொன்றுவிட்டான்.

பாதை மேலே ஏற ஏறக் கடைசியில் ஒரு குறுகிய பள்ளத்தை அடைகிறது. அதற்கு 'மாண்டோர் பள்ளம்' என்று பெயர். இரு பக்கத்துச் சரிவுகளிலிருந்தும் பனிச்சரிவு இறங்கும் இடம் அது. அந்தப் பெயரை ஊரார் வேடிக்கைக்கு வைக்கவில்லை. சத்திரத்தை ஒட்டி முன்காலத்தில் ஒரு பிணஅறை இருந்தது. பனியில் அகப்பட்டு இறந்தவர்களைப் புதைக்கப் பாறை இடம் கொடாமையால், உறவினர் வந்து அடையாளம் காணட்டும் என்று அவர்களை அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். குளிரில் உடல்கள் அழுகவில்லை. 1846-ல் சார்லஸ் டிக்கன்ஸ் இங்கே வந்து அதைக் கண்டு திகைத்தார். பிறகு தம் 'லிட்டில் டாரிட்' நாவலிலும் அந்தக் காட்சியை வைத்தார்.

கோடையில் இந்தப் பள்ளத்தில் பனிச்சரிவு அபாயம் இல்லை. ஆனால் ஜூன் மாதத்திலும், சில வருஷங்களில் ஜூலை ஆரம்பத்திலும், பழைய பனிப்படுகை மிச்சமிருக்கும். காலையில் அது கண்ணாடிபோல் வழுக்கும். சரிவில் ஒருமுறை கால் தவறினால் கீழேயுள்ள பாறையில் மோதும்வரை நிற்க முடியாது. பிற்பகலில் அதே பனி இளகி, அடியில் ஓடை குடைந்த இடத்தில் மெல்லிய பாலம்போல் நின்று, காலை வைத்தவுடன் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓடையின் ஓசை காலுக்குக் கீழே கேட்டால் அந்த இடத்தை விட்டு விலகிப் போக வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை உள்ள இரண்டு மாதத்தையே தேர்ந்துகொள்வது நலம்.

குளிர்காலத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லி நிறுத்துவோம். அப்பொழுது சத்திரம் திறந்துதான் இருக்கிறது. சுரங்கச் சாலையின் வாயிலிலிருந்து ஸ்கீயில் ஆறு கிலோமீட்டர் ஏறி அங்கே போகிறவர்களும் உண்டு. ஆனால் தினந்தோறும் வெளியாகும் பனிச்சரிவு அறிக்கையைப் படித்து, ஒன்று முதல் ஐந்து வரையுள்ள அபாயப் படிகளின் பொருளை உணர்ந்து, புதையுண்டவரைக் கண்டுபிடிக்கும் ரேடியோக் கருவியும் மண்வெட்டியும் ஊசிக்கோலும் கையில் கொண்டு, அவற்றைப் பழகியும் இருப்பவர்களுக்கே அது உரியது. புதையுண்டவரை முதல் பத்து நிமிஷத்தில் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. பிறகு அது வெகு வேகமாகக் குறைகிறது. கீழிருந்து யாரும் பத்து நிமிஷத்தில் வர முடியாது. கூட வந்தவரே தோண்ட வேண்டும்.

இங்கே நாய்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் வீட்டிலுள்ள குழந்தைகள் நம்மை மன்னிக்க மாட்டார்கள். ஸெயின்ட் பெர்னார்ட் நாய்களில் தலைசிறந்தவன் பாரி. 1800-ல் பிறந்து, நாற்பது பேருக்கு மேல் காப்பாற்றியதாகப் பெயர் பெற்று, முதுமையில் பெர்ன் நகருக்கு அனுப்பப்பட்டு, 1814-ல் அங்கே இறந்தான். அவன் உடல் அந்நகரத்து இயற்கைச் சரித்திரப் பொருட்காட்சிசாலையில் பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. நாயின் கழுத்தில் தொங்கும் பிராந்திப் பீப்பாய் மட்டும் கற்பனை. லாண்ட்ஸீர் என்ற ஆங்கிலச் சித்திரக்காரர் தம் இளமையில், 1820-ல், எழுதிய படத்திலிருந்து அது உலகமெல்லாம் பரவிவிட்டது. கற்பனையாய்ப் போனது நல்லதே. குளிரில் விறைத்தவனுக்கு மது கொடுத்தால், தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து உள்ளே மிஞ்சியிருக்கும் சூடும் வெளியேறிவிடும். உடம்பு இதமாக இருப்பதுபோல் தோன்றும்போதே உயிர் குளிர்ந்துகொண்டிருக்கும். மதுவிலக்குக்கு மலையும் ஒரு சாட்சி. நடுக்கம், தடுமாற்றம், குழறும் பேச்சு இவை குளிர் ஏறியதற்கு அறிகுறிகள். நடுக்கம் திடீரென்று நின்றால் தேறிவிட்டார் என்று எண்ணாதீர்கள். அதுவே மிகவும் அபாயமான கட்டம். ஈர உடையை மாற்றிக் காற்றுப் படாத இடத்தில் வைத்து, நினைவு தெளிவாக இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுத்து, உதவியை அழைக்க வேண்டும்.

உதவியை அழைக்கும் முறையையும் மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். ஐரோப்பா முழுவதும் 112. வலே மாகாணத்தில் வைத்திய உதவிக்கு 144. டெலிபோனுக்கு எட்டாத மடிப்புகள் மலையில் உண்டு. குளிரில் அதன் மின்கலமும் சீக்கிரம் சாகும், ஆகையால் அதைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் உதவாதபோது 1894 முதல் வழங்கும் ஆல்ப்ஸ் அபாயக் குறி இருக்கிறது. ஒரு நிமிஷத்தில் ஆறு முறை சீரான இடைவெளியில் சீழ்க்கையடிக்கவோ விளக்கைக் காட்டவோ வேண்டும், பிறகு ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடியும் ஆறு. நிமிஷத்திற்கு மூன்று முறை பதில் வந்தால் கண்டுகொண்டார்கள் என்று பொருள். ஹெலிகாப்டர் தலைமேல் வந்தால் இரு கைகளையும் மேலே விரித்து நிற்பது "ஆம், உதவி வேண்டும்" என்பதைக் குறிக்கும். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் "வேண்டாம்". உற்சாகத்தில் சும்மா இரு கைகளையும் வீசி விமானியை வரவேற்கும் வழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. மலையில் அது கூடாது. ஹெலிகாப்டர் வந்தால் ஆயிரக்கணக்கான பிராங்குச் செலவு. பிரயாண இன்ஷூரன்ஸில் மலை மீட்புச் செலவும் அடங்கியிருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்னலைக் கண்டபின் இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மேடான இடத்தையும் தனி மரத்தையும் விட்டு உடனே விலக வேண்டும். கட்டடமோ மோட்டார் வண்டியோ அருகில் இல்லையெனில் பள்ளமான இடத்தில் கால்களைச் சேர்த்துக் குந்தியிருக்க வேண்டும். படுத்துக் கொள்ளக் கூடாது.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். மேற்சொன்ன முறைகளெல்லாம் திரும்பத் தெரியாதவனுக்குப் பயன்படா. 2018 ஏப்ரல் கடைசியில், இதே வலே மாகாணத்தில், பீன் தாரோலா மலையருகே ஸ்கீயில் சென்ற பதினான்கு பேர் புயலில் வழி தவறி இரவு முழுவதும் வெளியில் அகப்பட்டுக் கொண்டார்கள். அவர்களில் ஏழு பேர் இறந்தனர். அவர்கள் போய்ச் சேரவேண்டிய விடுதி சுமார் அரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. பலத்த புயல் வரும் என்று வானிலை அறிக்கை முன்கூட்டியே சொல்லியிருந்தது. இறந்தவர்கள் மலைக்குப் புதியவர்களும் அல்லர். அந்தப் பாதை நாம் சொல்லும் பாதையைவிட எவ்வளவோ கடினமானதுதான். எனினும் "இன்னும் கொஞ்ச தூரந்தானே" என்ற எண்ணம் எந்தப் பாதையிலும் ஒன்றேதான். தங்குமிடத்தைப் பதிவு செய்து பணம் கட்டியாகிவிட்டது. நாளை மறுநாள் ஊருக்கு விமானம். கூட வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ. இவைதாம் மனிதனை மேலே தள்ளுகின்றன. ஆகையால் திரும்பும் நேரத்தைக் கீழே இருக்கும்போதே, அனைவரும் கூடி, நிர்ணயித்துவிட வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் இன்ன இடத்தை அடையாவிட்டால் திரும்புவது என்று முடிவு செய்தால், பன்னிரண்டு மணிக்கு யாரும் யாரோடும் வாதாட வேண்டியதில்லை. கூட்டத்தில் மிகவும் மெதுவாக நடப்பவரே முன்னே போகட்டும். பின்னால் ஒருவரைத் தனியே விட்டுவிட்டு வேகமாய்ப் போகிறவன் எவ்வளவு நல்ல நடையனாக இருந்தாலும் நல்ல துணைவன் அல்லன்.

வீரம் என்ற பெயரால் இந்தக் கணவாயில் நடந்த பெரிய கூத்து ஒன்றும் உண்டு. 1800 மே மாதத்தில் நெப்போலியன் சுமார் நாற்பதாயிரம் போர்வீரர்களோடு இதைக் கடந்தான். பீரங்கிகளைக் கழற்றி, குடைந்த மரத்தண்டுகளில் வைத்துச் சிப்பாய்களும் கிராமத்தாரும் பனியில் இழுத்தார்கள். டேவிட் என்ற சித்திரக்காரர் எழுதிய பிரசித்தி பெற்ற படத்தில், முன்னங்கால் தூக்கிய குதிரைமேல் நெப்போலியன் கை நீட்டி ஆக்ஞாபிப்பதைக் காண்கிறோம். உண்மையில் அவன் ஏறி வந்தது, உள்ளூர் வழிகாட்டி ஒருவன் நடத்திக்கொண்டு போன கோவேறு கழுதையின் மேல். அந்த ஒரு விஷயத்தில் அவன் புத்திசாலி. ஆனால் வெட்டிய மரங்களுக்கும் செய்த வேலைக்கும் பணம் தருவதாகப் பூர்-ஸெயின்ட்-பியேர் கிராமத்தாருக்கு வாக்களித்துவிட்டுப் போனவன் முழுதும் தீர்க்கவில்லை. 1984-ல்தான் பிரெஞ்சு ஜனாதிபதி மித்தராண், அடையாளமாக ஒரு பதக்கத்தைக் கொடுத்து அந்தக் கடனுக்கு முடிவு கட்டினார். ஏகாதிபத்தியங்களின் கணக்குப் புத்தகத்தை அறிந்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

வேறு விதமான பிரயாணி ஒருவரும் இந்த மலைகளுக்கு வந்தார். 1896 கோடையில் சுவாமி விவேகானந்தர் ஸேவியர் தம்பதிகளோடு ஆல்ப்ஸில் சுற்றி, ஷாமொனியின் பனியாற்றையும் கண்டார். இந்தப் பனிமலைகளின் நடுவேதான் இமயத்தில் ஓர் ஆசிரமம் அமைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வலுப்பட்டது. 1899-ல் அந்தத் தம்பதிகளின் முயற்சியால் மாயாவதி அத்வைத ஆசிரமம் எழுந்தது.

கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள். உயரத்தில் காற்று சுமார் முக்கால் பங்குதான். மூச்சு வாங்கும், பயப்பட வேண்டாம். ஆனால் இருதய நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் புறப்படக் கூடாது. வெயில் சுடாதுபோல் தோன்றினாலும் தோலைக் கருக்கும். கறுப்புக் கண்ணாடி அவசியம். தண்ணீர் இரண்டு லிட்டர், வேர்க்கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ஒரு விளக்கு, ஒரு சீழ்க்கை, காகிதத்தில் அச்சிட்ட படம் இவை பையில் இருக்கட்டும். எந்த வழியாய்ப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். களைப்பினால் கால் தடுக்கி விழுவது ஏற்றத்தைவிட இறக்கத்திலேயே அதிகம். முழங்கால் வலியுள்ளவர்கள் நடந்து ஏறிவிட்டுப் பஸ்ஸில் இறங்கலாம். அந்தக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கணவாயின் ஏரியை ஒட்டி நாலடி வைத்தால் இத்தாலி வந்துவிடும் என்பதால் பாஸ்போர்ட்டையும் மறக்க வேண்டாம்.